சென்னை – சிங்கப்பூர்: தூரமும் நேரமும்

சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு ஆகாய மார்க்கமாக ஏறக்குறைய 2,900 கிலோமீட்டர். நேர் விமானம் சுமார் 4 மணி நேரத்தில் போய்விடும். கால அட்டவணையைப் பார்க்கும்போதுதான் வணிகர்கள் பலருக்குக் குழப்பம் வருகிறது.

உதாரணமாக, இரவு 12 மணிக்குப் புறப்பட்டுக் காலை 6.30க்குச் சேரும் என்று போட்டிருந்தால், பயணம் ஆறரை மணி நேரம் என்று எண்ணிவிடக் கூடாது. புறப்படுவது நம் கடிகாரப்படி. சேருவது சிங்கப்பூர் கடிகாரப்படி. அவர்கள் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறார்கள். அதைக் கழித்தால் 4 மணி நேரம். திரும்பும்போது அதே இரண்டரையைக் கூட்ட வேண்டும். அங்கே காலை 8 மணிக்குக் கிளம்பும் விமானம் இங்கே 9.30க்கே இறங்கிவிடும்!

மல்லிகை, கறிவேப்பிலை, முருங்கைக்காய் அனுப்புவோர் இந்த 4 மணி நேரத்தை மட்டும் நம்பி விலை பேச வேண்டாம். சரக்கைப் பல மணி நேரம் முன்பே ஒப்படைத்தாக வேண்டும். சுங்கச் சோதனை இரு பக்கமும் உண்டு. பறித்த நேரம் முதல் அங்குள்ள கடையில் இறங்கும் நேரம் வரை கணக்கிடுங்கள். சரக்கு சேரும் நேரத்தை சிங்கப்பூர் நேரப்படியே எழுதிக்கொள்ளுங்கள். அங்குள்ள வியாபாரியைக் காலை 7 மணிக்குப் போனில் பிடிக்க வேண்டுமானால், நாம் விடியற்காலை நாலரைக்கே எழுந்திருக்க வேண்டும்.