மலையேற நம்மூர்ச் சைக்கிள் போதுமா?

கேள்வி: கிளிநொச்சியிலிருந்து நண்பர்கள் எட்டுப் பேர் சைக்கிளில் நுவரெலியா போக இருக்கிறோம். மலை ஏறும் நாளை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. ஒரே நாளில் முடியுமா?

பதில்: முடியும். ஆனால் அந்த நாள் கண்டியில் விடியட்டும். ஏ9 வழியே மாத்தளைவரை வன்னிக் கால்கள் தாக்குப்பிடிக்கும். பெற்றோல் கிடைக்காத தொண்ணூறுகளில் நோயாளியையும் நெல்மூட்டையையும் கரியரில் ஏற்றி உழக்கிய மண் அல்லவா இது. மலை வேறு சங்கதி.

கண்டி சுமார் 500 மீற்றர் உயரம், நுவரெலியா 1,868 மீற்றர். இடையில் எழுபத்தைந்து கிலோமீற்றருக்குச் சற்று மேல். கம்பளைவரை இலகு. புசல்லாவை தாண்டியதும் தேயிலைச் சரிவுகள் தொடங்கும், இறம்பொடைக் கொண்டையூசி வளைவுகளில் மூச்சு வாங்கும். கியர் இல்லாத சைக்கிளில் அந்த இடத்தை உருட்டிக்கொண்டு நடக்கத்தான் வேண்டும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

விடியற்காலை ஐந்து மணிக்கே புறப்படுங்கள். பின்னேரம் மழையும் மூடுபனியும் இறங்கிவிடும்; பின்விளக்கு இல்லாமல் யாரும் வரக்கூடாது. குழுவில் மெதுவாக உழக்குபவரை முன்னால் விடுங்கள். பின்னால் தனியே விடப்பட்டவர்தான் முதலில் மனம் தளர்வார்.

ஏற்றத்தைவிட நான் அஞ்சுவது இறக்கத்துக்கு. பிரேக்கை விடாமல் அழுத்தினால் ரிம் கைவைக்க முடியாதபடி சுடும், ரியூப் வெடிக்கலாம். விட்டுவிட்டு அழுத்துங்கள், இரண்டு கையாலும். பிரேக் கட்டைகளைக் கிளிநொச்சியிலேயே புதிதாக மாற்றிக்கொண்டு கிளம்புங்கள்.