அவையும் ஒரு சேமிப்பே

திருக்குறளில் 'அவையறிதல்' 72ஆம் அதிகாரம். 'அவையஞ்சாமை' 73ஆம் அதிகாரம். மேடைப் பேச்சில் புதிதாக இறங்கும் நம்மில் பலர் பின்னதில் மட்டுமே கருத்தைச் செலுத்துகிறோம். குரலையும் உச்சரிப்பையும் பல மாதங்கள் பயின்றுவிட்டு, அழைப்பு வரவில்லையே என்று வருந்துகிறோம். கேட்போரைச் சேர்ப்பதும் தனியே பயில வேண்டிய கலைதான். சேமிப்பைப் போல, அதுவும் சிறு தொகையில் தொடங்கித் தவணை தவறாமல் வளர்க்கப்படுவது.

இதற்கு விவேகானந்தரின் அனுபவம் நல்லதொரு பாடம். 1893 செப்டம்பர் 11 அன்று சிகாகோவில் ஆற்றிய உரையால் அவர் ஒரே நாளில் புகழ்பெற்றார் என்பர். ஆனால், அவ்வாண்டு பிப்ரவரியிலேயே செகந்திராபாத் மஹபூப் கல்லூரியில் அவர் பேசியிருந்தார். ஆகஸ்டு இறுதியில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஆனிஸ்குவாம் என்னும் சிற்றூரின் தேவாலயத்திலும், அம்மாநிலத்துச் சேலம் நகரின் மகளிர் மன்றம் ஒன்றிலும் உரையாற்றினார். மாநாட்டில் பங்கேற்பதற்குரிய சான்று அவரிடம் இல்லை. ஹார்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜான் ஹென்றி ரைட் அளித்த பரிந்துரையே அதற்கு வழி செய்தது. சிறிய அவைகளும், நம்பத்தக்க ஒருவரின் அறிமுகமும் பெரிய மேடைக்கு முன்னரே அமைந்திருந்தன.

நாம் முதலில் செய்ய வேண்டியது, ஒரு பொருளைத் தேர்ந்துகொள்வது. எதைப் பற்றியும் பேசுவேன் என்பவரை எவரும் நினைவில் வைப்பதில்லை. ஓய்வுபெற்ற செவிலியர் முதியோர் பராமரிப்பைப் பற்றியும், நூலகர் சிறுவர் வாசிப்பைப் பற்றியும் பேசும்போது, அவர்களது தொழிலே அவர்களுக்குச் சான்றாகிறது.

அடுத்தது, அருகிலுள்ள அவை. குடியிருப்போர் நலச் சங்கம், மூத்த குடிமக்கள் மன்றம், மகளிர் சுய உதவிக் குழு, பள்ளி, கிளை நூலகம், ரோட்டரி சங்கம் ஆகியன பேச்சாளரைத் தேடுபவை. தில்லி, மும்பை, பெங்களூரு போன்ற நகரங்களில் வாழ்வோருக்குத் தமிழ்ச் சங்கங்களும் உண்டு. அவற்றின் செயலாளருக்கு அரைப்பக்கக் கடிதம் போதும். பேச்சின் தலைப்பு, அதற்குத் தேவையான நேரம், கேட்போர் பெறப்போகும் பயன் ஆகிய மூன்றும் அதில் இருக்கட்டும். 'நாவரசு', 'சொற்கொண்டல்' போன்ற பட்டங்களை நமக்கு நாமே சூட்டிக்கொள்ள வேண்டா. குறித்த நேரத்தில் பேச்சை முடித்து, அமைப்பாளரிடம் இரண்டு வரிக் கருத்துரை ஒன்றைக் கேட்டுப் பெறுவோம். அடுத்த அவைக்கு அதுவே நமது பரிந்துரைக் கடிதம்.

மூன்றாவது, பதிவு. 1895 இறுதியில் நியூயார்க்கில் விவேகானந்தரின் உரைகளைக் குறிப்பெடுக்கக் குட்வின் என்னும் சுருக்கெழுத்தாளர் அமர்த்தப்பட்டார். பல உரைகள் நூல்வடிவில் இன்றும் கிடைப்பது அவரது உழைப்பால்தான். நமக்குக் கைபேசியே போதும். ஒரு மணி நேரப் பேச்சு முழுவதையும் அனுப்பினால் எவரும் பொறுமையுடன் கேட்பதில்லை. ஒலி தெளிவாக அமைந்த மூன்று நிமிடப் பகுதி ஒன்றைத் தேர்ந்து அனுப்புவோம்.

நான்காவது, பணம். சிகாகோவுக்குப் பின் விவேகானந்தர் சொற்பொழிவுகளை ஏற்பாடு செய்யும் நிறுவனம் ஒன்றின் வழியே ஊர் ஊராகப் பேசினார். ஓர் உரையில் 2,500 டாலர் வசூலாகியும் தமக்குக் கிடைத்தது 200 டாலரே என்று கடிதமொன்றில் எழுதிய அவர், அந்நிறுவனத்தை விட்டு விலகினார். ஆகவே மதிப்பூதியம், பயணச் செலவு, நுழைவுச் சீட்டு வருவாயில் நமது பங்கு, ஒளிப்பதிவின் உரிமை ஆகியவற்றை முன்னரே எழுத்தில் பெறுவோம். மேடையோ விருதோ தருவதாகக் கூறி நம்மிடமே பணம் கேட்போரிடம் எச்சரிக்கை தேவை. மதிப்பூதியம் அனுப்புவதாகச் சொல்லி, க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து யுபிஐ பின் எண்ணை இடச் சொன்னால், அது மோசடியே. பணத்தைப் பெறுவதற்குப் பின் எண் ஒருபோதும் தேவையில்லை. மதிப்பூதியத்தில் வரிப் பிடித்தம் செய்யப்பட்டால், பான் எண்ணைப் பிழையின்றிக் கொடுத்து, நமது வரிக் கணக்கில் அத்தொகை பதிவாகியுள்ளதா என்று சரிபார்ப்போம்.

இறுதியாக, தொடர்ச்சி. சுற்றுப்பயணங்களுக்குப் பின், 1895 ஜனவரி முதல் விவேகானந்தர் நியூயார்க்கில் வாடகை அறையொன்றில் கட்டணமின்றி வகுப்புகள் நடத்தினார். ஊர் ஊராகப் பேசியபோது கேட்டவர்கள் கேட்டுவிட்டுக் கலைந்தனர். இங்கோ கேட்டவர்கள் மீண்டும் மீண்டும் வந்தனர். நாமும் மாதம் ஒருமுறை, ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் பேச ஏற்பாடு செய்துகொள்ளலாம். விருப்பமுடையோரின் கைபேசி எண்ணை அவர்தம் இசைவுடன் குறித்துக்கொண்டு, அடுத்த கூட்டத்தை மட்டும் அறிவிப்போம். நாள்தோறும் செய்தி அனுப்பிச் சலிப்பூட்ட வேண்டா.

முதற்கூட்டத்திற்குப் பன்னிருவர் வரலாம். அவர்களுள் எத்தனை பேர் இரண்டாம் முறையும் வருகின்றனர் என்பதைக் குறித்து வைப்போம். நமது சேமிப்பின் உண்மையான இருப்பு அந்த எண்ணிக்கையே.