தொடக்கப் பள்ளியின் தரத்தை அறிவது எங்ஙனம்?

கன்னியாகுமரி மாவட்டத்திலுள்ள இரணியல், வேணாட்டு மன்னர்களின் அரண்மனை அமைந்திருந்த பழம்பதியாகும். அன்றைய திருவிதாங்கூரில் 1817-ஆம் ஆண்டிலேயே, மக்களின் கல்விச் செலவு முழுவதையும் அரசே ஏற்றல் வேண்டும் என்று இராணி கௌரி பார்வதி பாய் ஆணை பிறப்பித்தார். 1956 நவம்பர் 1-ஆம் நாள் தாய்த் தமிழகத்துடன் இணைந்த இப்பகுதி, 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கில் 91.75 விழுக்காடு எழுத்தறிவுடன் மாநிலத்தில் முதலிடம் பெற்றது.

இத்துணைச் சிறப்பு வாய்ந்த பகுதியிலும், 'நம் ஊர் அரசுத் தொடக்கப் பள்ளி நல்ல பள்ளிதானா?' என்ற ஐயம் பெற்றோரிடையே எழுகின்றது. விடை காண நம்மிற் பலர் பள்ளி வாயிலைக் கடந்து செல்வதில்லை. கட்டடத்தின் பொலிவையும், சீருடையையும், வாகனத்தையும் கண்டே முடிவு செய்து விடுகின்றோம். நெசவறிந்த இரணியல் மக்கள் மடித்து வைத்த துணியைக் கண்டு விலை பேசுவதுண்டோ? விரித்தன்றோ பார்ப்பர்! பள்ளியையும் அவ்வாறே விரித்துப் பார்த்தல் வேண்டும்.

முதலாவது, வருகை. இரு பருவமழைகளும் பெய்யும் இப்பகுதியில், மழைக்கால வருகைப் பதிவேடு பல உண்மைகளைக் கூறும். 2023-ஆம் ஆண்டில் மாநிலத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்திற்கும் விரிவாக்கப்பட்ட காலை உணவுத் திட்டம் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஈர்க்கின்றது. அதன் பின்னரும் வாராத பிள்ளையைத் தேடி எவரேனும் செல்கின்றனரா என்பதை நாம் கேட்டறிதல் வேண்டும்.

இரண்டாவது, கற்றல். மூன்றாம் வகுப்பில் முன்வந்து நிற்கும் பிள்ளையை விடுத்து, பின்னால் ஒதுங்கி அமர்ந்திருக்கும் பிள்ளையை அன்புடன் அழையுங்கள். இரண்டாம் வகுப்பு நூலில் படித்திராத ஒரு பகுதியை வாசிக்கச் சொல்லி, அதன் பொருளைத் தன் வீட்டுப் பேச்சிலேயே கூறச் செய்யுங்கள். மனப்பாடமாக ஒப்பிப்பது வாசிப்பு ஆகாது. 52-இலிருந்து 27-ஐக் கடன் வாங்கிக் கழிக்கத் தெரிகிறதா என்றும் பாருங்கள்.

மூன்றாவது, கற்பித்தல். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி, 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். ஐந்து வகுப்புகளை இருவர் நடத்துவது எளிதன்று. ஒரு வகுப்புக்குப் பாடம் நடக்கையில் ஏனைய வகுப்பினர் பயனுள்ள வேலையில் ஈடுபட்டுள்ளனரா, குறிப்பேடுகள் திருத்தப்பட்டுள்ளனவா என்பவற்றைக் கண்டால் ஆசிரியரின் உழைப்பு விளங்கும்.

இங்கு நாம் நீதி தவறலாகாது. வீட்டில் நூல்களும், சொல்லித் தருவோரும் உள்ள பிள்ளை பெறும் மதிப்பெண்ணைக் கூலி வேலை செய்வோரின் பிள்ளை பெறும் மதிப்பெண்ணோடு ஒப்பிட்டுப் பள்ளிகளை எடைபோடுதல் தவறு. ஜூன் மாதத்தில் எழுத்தறியாது வந்த பிள்ளை ஆண்டிறுதியில் சொற்களைக் கூட்டிப் படிக்குமாயின், அப்பள்ளி தன் கடமையைச் செய்ததென்க. பிள்ளை எங்கு நிற்கின்றது என்பதினும், எவ்வளவு தூரம் வந்துள்ளது என்பதே பள்ளியின் தரத்தைக் காட்டும்.

ஆராயாது பிள்ளைகளை வெளியேற்றுவதால் விளையும் கேடு பெரிது. ஆசிரியர் பணியிடங்கள் மாணவர் தொகையைக் கொண்டே வகுக்கப்படுகின்றன. தொகை குறைந்தால் ஆசிரியர் குறைவர். அதனால் கற்பித்தல் நலியும். மேலும் பலர் விலகுவர். இறுதியில் இழப்புக்கு ஆளாவோர், வேறு பள்ளிக்குக் கட்டணம் செலுத்த இயலாதவர்களின் பிள்ளைகளே.

இதனைத் தடுக்கும் வழியும் நம் கையிலேயே உள்ளது. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோராகவும், பாதிப்பேர் பெண்களாகவும் இருத்தல் வேண்டும் என்று மேற்கூறிய சட்டம் விதிக்கின்றது. குறை கூறுவதற்காக அன்றி, துணை நிற்பதற்காகத் தலைமையாசிரியரை அணுகுவோம். நாம் பார்க்கும் பள்ளியே வளரும். பாராத பள்ளி தளரும்.