பக்கவாதமும் மூளைத் தண்டுவட நீரும்

"முதல் நாள் பேசியவர் மூன்றாம் நாள் ஏன் கண் திறக்கவில்லை?" பக்கவாத நோயாளிகளின் உறவினர்கள் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. பெரும்பாலும் மூளை வீக்கமே அதற்குக் காரணம்.

மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்து ஏறத்தாழ 150 மில்லிலிட்டர் தெளிந்த நீர் உள்ளது. அது மூளையை அதிர்ச்சியிலிருந்து காக்கிறது. கழிவுகளை அகற்றவும் உதவுகிறது.

பக்கவாதத்திற்குப்பின் தோன்றும் வீக்கத்தை இரத்தத்திலிருந்து கசியும் நீரே உண்டாக்குகிறது என நெடுங்காலம் கருதப்பட்டது. அமெரிக்காவின் ரோசெஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எலிகளைக் கொண்டு நடத்தி, 2020-இல் வெளியிட்ட ஆய்வு வேறொன்றைக் காட்டியது. இரத்தக்குழாய் அடைபட்ட சில நிமிடங்களிலேயே மூளையில் ஒரு மின்மாற்றம் அலைபோல் பரவுகிறது. இரத்தக்குழாய்கள் சுருங்க, அவற்றைச் சுற்றியுள்ள இடைவெளிகள் அகல்கின்றன. கெடிலத்தில் வெள்ளம் பெருகும்போது வாய்க்கால் வழியே வயலுக்குள் நீர் புகுவதுபோல, மூளையைக் காக்கும் நீரே அவ்வழியாகத் திசுவினுள் பாய்கிறது. இரத்தத்திலிருந்து வரும் கசிவு பின்னரே சேர்கிறது.

எலிகளில் கண்ட இவ்வுண்மை மனிதர்க்கான மருந்தாக இன்னும் மாறவில்லை. ஆயினும், நிமிடங்களின் அருமையை அது உணர்த்துகிறது. அடைப்பைக் கரைக்கும் ஊசிமருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்திற்குள் செலுத்த வேண்டும். வாய் கோணுதல், கை தளர்தல், பேச்சுக் குழறுதல் ஆகியவற்றுள் ஒன்றைக் கண்டாலும் உடனே 108-ஐ அழையுங்கள். வாயில் நீரோ மாத்திரையோ கொடுக்காதீர்கள். திருவந்திபுரத்திலிருந்து கடலூர் தொலைவன்று. "சற்றுப் பார்க்கலாம்" என்று வீட்டில் காத்திருப்பதே தொலைவு.

மருத்துவமனையில் சேர்த்த பின்னரும், முதல் ஐந்து நாள்களில் மயக்கமோ வாந்தியோ கடும் தலைவலியோ தோன்றினால், நள்ளிரவாயினும் தயங்காமல் செவிலியரிடம் தெரிவியுங்கள். வீக்கத்தின் முதல் அறிகுறியைப் பெரும்பாலும் காண்பவர் அருகிலிருக்கும் நீங்களே.