கணிப்பொறிப் பலகை தொடங்காதபோது பழுதறியும் முறை

பள்ளி ஆய்வகங்களிலும் கள நிலையங்களிலும் பயன்படும் சிறு கணிப்பொறிப் பலகை, மின்சாரம் கொடுத்தும் இயங்காது நின்றுவிடுவதுண்டு. திரை இருண்டிருப்பதைக் கண்டவுடன் பலகையே கெட்டதெனக் கருதி ஒதுக்கிவிடுவது வீண் நட்டத்திற்கு இடமாகும். பழுது மின்வழங்கியிலோ நினைவக அட்டையிலோ இருத்தல் கூடும். 2019ஆம் ஆண்டில் வெளிவந்த ராஸ்பெர்ரி பை 4 என்னும் பலகையை எடுத்துக்காட்டாகக் கொண்டு, பழுதின் இடத்தை அறியும் முறை இங்கு விளக்கப்படுகிறது.

தொடங்கும் வரிசை

மின்சாரம் பாய்ந்தவுடன், செயலியினுள் நிலையாகப் பதிக்கப்பட்டுள்ள சிறு நிரல் முதலில் இயங்குகிறது. அது பலகையின் மீதுள்ள ஈஈபிராம் என்னும் நினைவகச் சில்லிலிருந்து தொடக்க நிரலை எடுத்துக்கொள்கிறது. தொடக்க நிரல், அட்டையின் முதற் பகுதியிலுள்ள ‘ஸ்டார்ட்4’ என்னும் கோப்பை ஏற்றுகிறது. அக்கோப்பு, இயக்க முறைமையின் உட்கருவாகிய கெர்னலை ஏற்றுகிறது. கெர்னல், அட்டையின் இரண்டாம் பகுதியைத் திறந்து ஏனைய நிரல்களை இயக்குகிறது.

ஒரு படி தவறினால் அடுத்த படி நிகழாது. ஆகவே, இறுதியாகக் கண்ட அறிகுறி எந்தப் படிக்கு உரியது என்பதை அறிந்தால், பழுதை அதற்கடுத்த படியில் தேடலாம்.

1. மின்வழங்கல்

இப்பலகைக்கு 5.1 வோல்ட் அழுத்தமும் 3 ஆம்பியர் வரை மின்னோட்டமும் தரவல்ல மின்வழங்கி வேண்டும். அழுத்தம் ஏறத்தாழ 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் சிவப்பு விளக்கு அணையும் அல்லது விட்டுவிட்டு எரியும். மெல்லிய, நீண்ட கம்பியில் அழுத்தம் குறைவதும் இதற்குக் காரணமாகலாம். எனவே கம்பியையும் மாற்றிப் பார்த்தல் வேண்டும்.

2. அட்டையின்றிச் சோதித்தல்

அட்டையையும் இணைப்புக் கருவிகளையும் நீக்கிவிட்டு, மின்செருகிக்கு அண்மையிலுள்ள எச்.டி.எம்.ஐ. வாயிலில் திரையை இணைத்து மின்சாரம் தருக. திரையில் சோதனைச் செய்திகள் தோன்றினால், தொடக்க நிரல் செவ்வனே இயங்குகிறது. பழுதை அட்டையில் தேடுக. ஒன்றும் தோன்றாவிடில் ஈஈபிராமின் உள்ளடக்கம் சிதைந்திருக்கலாம். ராஸ்பெர்ரி பை இமேஜர் என்னும் நிரலைக்கொண்டு வேறோர் அட்டையில் மீட்பு நிரலைப் பதித்துப் பலகையில் செருகுக. மீட்பு நிறைவேறினால் திரை முழுதும் பச்சையாகும். இதுவும் பயனளிக்காதபோதே பலகையைப் பழுதுற்றதாகக் கொள்ளல் வேண்டும்.

3. பச்சை விளக்கின் குறிகள்

பச்சை விளக்கு குறிப்பிட்ட எண்ணிக்கையில் மின்னி, சற்று நின்று, மீண்டும் அவ்வாறே மின்னினால் அஃது ஒரு பழுதுக் குறியாகும்.

நான்கு மின்னல்கள்: ‘ஸ்டார்ட்’ கோப்பு காணப்படவில்லை.
ஏழு மின்னல்கள்: கெர்னல் காணப்படவில்லை.
எட்டு மின்னல்கள்: பலகையின் நினைவகம் பழுதுற்றது.

முதலிரண்டும் அட்டையைப் புதிதாக எழுதுவதால் நீங்கக்கூடியவை. மூன்றாவது அவ்வாறு நீங்காது. இப்பலகை வெளிவருமுன் பழைய பலகைகளுக்கென எழுதப்பட்ட அட்டையில் இதற்குரிய கோப்புகள் இரா என்பதையும் நினைவிற் கொள்க.

4. தொடர்வழிச் செய்திகள்

கெர்னல் ஏற்றப்பட்ட பின்னரும் இயக்கம் நின்றால், அதன் செய்திகளைத் தொடர்வழி இணைப்பின் மூலம் படிக்கலாம். முதலில் அட்டையின் ‘கான்ஃபிக்’ கோப்பில் இவ்வசதியை இயக்குக. பின்னர் பலகையின் 6ஆம் ஊசியைத் தரையுடனும், 8ஆம் ஊசியை இணைப்பியின் பெறுமுனையுடனும், 10ஆம் ஊசியை அதன் அனுப்புமுனையுடனும் இணைக்க. வேகம் நொடிக்கு 115200 பிட். இணைப்பி 3.3 வோல்ட்டுக்குரியதாதல் இன்றியமையாதது. 5 வோல்ட் பலகையைக் கெடுக்கும். அட்டையின் இரண்டாம் பகுதியைத் திறக்க இயலவில்லையெனச் செய்தி வந்தால், அப்பகுதி சிதைந்துள்ளதா, அதன் அடையாளம் தவறாகக் குறிக்கப்பட்டுள்ளதா என ஆராய்க. முறைப்படி நிறுத்தாமல் மின்சாரத்தைத் துண்டிப்பதால் இச்சிதைவு நேரக்கூடும்.

வகுப்பறைப் பயிற்சி

ஆசிரியர் உபரி அட்டை ஒன்றில் ‘கெர்னல்’ எனத் தொடங்கும் கோப்புகள் அனைத்தின் பெயரையும் மாற்றி வைத்து, மாணவரை மின்னல்களை எண்ணச் செய்யலாம். ஒரு முறைக்கு ஒரு பொருளை மட்டும் மாற்றி, மாற்றியதையும் கண்டதையும் உடனுக்குடன் ஏட்டில் குறித்தல் வேண்டும். இரண்டை ஒருங்கே மாற்றினால் எது காரணமென்பது விளங்காது. கள நிலையங்களில் நன்கு இயங்கும் அட்டையின் படியொன்றை எப்பொழுதும் கைவசம் வைத்திருப்பது நலம்.