நற்செய்தியும் நாத்திகரும்

கேள்வி: நாத்திகர்கள் கிறிஸ்தவ நற்செய்தி நூல்களை நம்ப மறுப்பது ஏன்?
– வாசகர், சாந்தோம், மயிலாப்பூர்

பதில்: சென்னைக்கு இது புதிய வாதமல்ல. 1880-களிலேயே சென்னை இலௌகிக சங்கம் என்ற நாத்திக அமைப்பினர் ‘தத்துவ விவேசினி’ இதழில் இந்து சமயத்தோடு கிறிஸ்தவத்தையும் சேர்த்தே கேள்வி கேட்டார்கள். சாட்சியம் போதாது என்பதே நாத்திகர் கட்சி. இயேசு இறந்து சுமார் 40 ஆண்டுகளுக்குப் பிறகே முதல் நற்செய்தி எழுதப்பட்டது என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கணிப்பு. இயேசு ஏரோது அரசன் காலத்தில் பிறந்தார் என்கிறார் மத்தேயு. ஏரோது இறந்தது கி.மு. 4 வாக்கில். இயேசு பிறந்தபோது நடந்ததாக லூக்கா சொல்லும் குடிக்கணக்கெடுப்போ கி.பி. 6-இல் நடந்தது. மாற்கு நூலின் மிகப் பழைய முழுப் பிரதிகளில், உயிர்த்தெழுந்த இயேசு சீடர்களுக்குத் தோன்றும் காட்சியே இல்லை. விசுவாசிகளிடம் இவற்றுக்கு விளக்கம் உண்டு. அதையும் கேட்டுவிட்டு முடிவுக்கு வாருங்கள்.