படத்தின் பின்புறம்

மாணவர்களே! விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது தாத்தா பாட்டியின் மணநாள் படத்தொகுப்பைப் புரட்டிப் பார்த்ததுண்டா? தடித்த கறுப்புத் தாள்கள். சிறு காகித முக்கோணங்களில் நான்கு மூலைகளும் செருகப்பட்ட ஒளிப்படங்கள். அவை ஒன்றோடொன்று உரசாதிருக்க இடையே ஒரு மெல்லிய தாள். புகைப்படம் என்று பலரும் சொல்வர். புகைக்கு அங்கே வேலையில்லை. படத்தை எழுதுவது ஒளியே. ஆகவே ஒளிப்படம் என்பதே எனக்கு உவப்பான சொல்.

இந்நகரில் நாம் அண்டை அயலார் அனைவரையும் 'ஆன்ட்டி', 'அங்கிள்' என்னும் இரண்டே சொற்களால் அழைத்துவிடுகிறோம். மணப்படத்துக்கு அவை போதா. மணமகன் முதல் முடிச்சை இட, எஞ்சியவற்றை அவனுடைய உடன்பிறந்தாள் இடும் வழக்கம் பல குடும்பங்களில் உண்டு. மணமகளின் பின்னே குனிந்து நிற்கும் அப்பெண்ணே நாத்தனார். சீர்த்தட்டு ஏந்தி வருபவர் தாய்மாமன். மணமகனின் தம்பி மணமகளுக்குக் கொழுந்தன். உடன்பிறந்த ஆண்களை மணந்த பெண்கள் ஒருவருக்கொருவர் ஓரகத்தியர். உடன்பிறந்த பெண்களை மணந்த ஆண்கள் சகலைகள். இருவீட்டுப் பெற்றோரும் சம்பந்திகள். அகராதியில் படித்தால் மறந்துபோகும் இச்சொற்கள், முகத்தோடு சேர்த்துக் கற்றால் மறப்பதில்லை.

சென்ற ஆண்டு மாணவி ஒருத்தி தன் பாட்டியின் மணநாள் குழுப்படத்தை வகுப்புக்குக் கொண்டுவந்தாள். அதில் 23 பேர். தொலைபேசியில் பாட்டியிடம் கேட்டுக் கேட்டு 19 பெயர்களை எழுதியிருந்தாள். நான்கு நாள் பேச்சாம். அதற்குமுன் பாட்டியுடன் 'சாப்பிட்டாயா' என்பதற்கு மேல் அவள் பேசியதில்லையாம்.

என் வீட்டில் அது நடக்கவில்லை. என் தாயாரின் மணப்படத்தில் அவர் தோள்மேல் கைவைத்து ஒரு பெண் நிற்கிறார். மற்றவர் அனைவரும் விறைத்து நிற்க, அவர் மட்டும் சிரிக்கிறார். யாரென்று கேட்க எண்ணியதுண்டு. பணிமாற்றத்தில் ஊர் ஊராகச் சென்றுகொண்டிருந்ததால், அடுத்த விடுமுறையில் கேட்கலாம் என்றே இருந்துவிட்டேன். தாயார் மறைந்தபின் உறவினரைக் கேட்டேன். பள்ளித்தோழி என்றார் ஒருவர். அடுத்த வீட்டுப் பெண் என்றார் மற்றொருவர். படத்தின் பின்புறம் படநிலையத்தின் முத்திரை மட்டுமே உள்ளது.

பழைய கறுப்பு வெள்ளைப் படத்தின் உருவம் வெள்ளித் துகள்களால் ஆனது. ஈரம் தாக்காமல் காத்தால் நெடுங்காலம் நிற்கும். வண்ணப்படத்தில் உள்ளவை சாயங்கள். ஒளியிலும் வெப்பத்திலும் வெளிறும். உங்கள் பெற்றோரின் மணநாள் ஒளிநாடாவில் இருந்தால், அதை ஓட்டும் கருவி இன்று கிடைப்பது அரிது. கைப்பேசியிலோ படங்கள் ஆயிரம். பெயர் எழுதிய படம் ஒன்றும் இராது.

செயல்பாடு

1. உங்கள் குடும்ப மணப்படம் ஒன்றைத் தேர்ந்தெடுக்க. ஒரு தாளில் தலைகளின் வட்டங்களை மட்டும் வரைந்து எண்ணிடுக.

2. ஒவ்வோர் எண்ணுக்கும் பெயர், ஊர், மணமக்களுக்கு அவர் என்ன உறவு என்பவற்றைப் பெரியோரிடம் கேட்டுத் தமிழில் எழுதுக.

3. படத்தின் பின்புற ஓரத்தில், மென்மையான பென்சிலால் அழுத்தாமல் மணமக்கள் பெயரும் ஆண்டும் எழுதுக. பேனா வேண்டா, மை அடுத்த படத்தில் ஒட்டும்.

4. பெயர் தெரியாதவரின் எண்ணுக்கு எதிரே, யாரிடம் கேட்டால் தெரியும் என்பதை எழுதி, இவ்வாரமே அவரிடம் பேசுக.